காலை எடுங்க சார்

இரண்டு நாடுகளின் உள்நாட்டு மகளிர் சாம்பியன் அணிகள் மறுநாள் மோதவிருந்தன. பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மைதானப் பராமரிப்பாளரின் குழாயை, புதிதாக வந்திருந்த கிரிக்கெட் சங்கச் செயலாளர் காலால் மிதித்து நிறுத்தினார்.

"காய விடுய்யா! பிட்ச் வெடிச்சாத்தான் நம்ம சுழற்பந்துல அவங்க சுருளுவாங்க."

"எல்லா மேட்ச்சுக்கும் விடற தண்ணிதான் சார் இதுக்கும். காலை எடுங்க."

"அந்த நாட்டுக்காரங்களுக்கு விலை போயிட்டியா? நாளைக்கு நாம தோத்தா, நம்ம கேப்டன் மூஞ்சியில எப்படிய்யா முழிப்பே?"

"தண்ணியை நிறுத்தினாத்தான் சார் முழிக்க முடியாது."

குனிந்து, செயலாளரின் காலைத் தானே நகர்த்தினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

"கேப்டன் என் பொண்ணு சார். ஜெயிச்சா அவ ஜெயிச்சதா இருக்கட்டும். அப்பன் ஜெயிக்க வெச்சதா இருக்க வேண்டாம்."