மாத்திரை மெயில்

"யார் வீடுன்னு சொல்லுங்க மாமா. இப்பவே லைனைப் பிடுங்கிடலாம்."

செயலாளரம்மா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். பேக்கரி மாடியில் கூடியிருந்த அத்தனை பேரும் ஒயர் மாமாவைப் பார்த்தார்கள்.

அந்தத் தெருவுக்கென்று சொந்தமாக ஒரு இன்டர்நெட் சங்கம் உண்டு. எல்லா வீடும் சேர்ந்து ஒரு பெரிய கம்பெனியிடம் ஒரே லைன் வாங்கி, வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்துக் கொடுப்பது, பழுது பார்ப்பது, மழை விட்டதும் மொட்டைமாடி ஏறுவது எல்லாம் ஒயர் மாமாதான். எந்நேரமும் தோளில் ஒயர் தொங்குவதால் வந்த பெயர். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இரண்டு நாளாக அந்த லைன் வழியாக ஊர் உலகத்துக்கெல்லாம் 'தொப்பை குறைக்கும் மாத்திரை' விளம்பரம் மெயிலாகப் போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. அதை இன்றைக்குள் நிறுத்தாவிட்டால் தெரு மொத்தத்துக்கும் லைன் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"நாளைக்குக் காலையில என் பொண்ணுக்கு வீடியோவுல நேர்காணல். இதுதான் கடைசி ரவுண்டு" என்றார் செயலாளரம்மா. "யாரோ கண்ட மெயிலைத் திறந்து தொலைச்சதுக்கு அவ வேலை போகணுமா?"

நியாயமான கேள்விதான். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவர். அந்த வேலை வந்தால்தான் வீடு நிமிரும் என்பது தெருவுக்கே தெரியும்.

அன்றுதான் சங்கத்தில் சேர வந்திருந்த புதுக் குடித்தனக்காரர் மெல்ல வாயைத் திறந்தார்.

"கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணிட்டா போதாதா? லைனை எதுக்குப் பிடுங்கணும்?"

செயலாளரம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க புதுசு, தெரிஞ்சுக்கோங்க. சேரும்போதே மாமா வந்து உங்க கம்ப்யூட்டரைச் சோதிப்பார். அப்புறம் அப்டேட் கேட்டா உடனே போடணும். பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. தெரியாத மெயிலைத் தொடவே கூடாது. அதையும் மீறி வைரஸை உள்ள விட்டா ஒரு வாரம் லைன் கட். யாரா இருந்தாலும் சரி. நான் கொண்டுவந்த சட்டம்."

"யாரா இருந்தாலும் சரி" என்று பேக்கரிக்காரரும் சொன்னார். அவருக்கு வயிற்றெரிச்சல். "போன தடவை எனக்குப் பிடுங்குனீங்களே! கேக் ஆர்டர் அத்தனையும் அடுத்த தெருவுக்குப் போச்சு. ஒரே ஒரு நாள் தள்ளிப்போடுங்கன்னு கெஞ்சினேன். காதுல வாங்கினீங்களா?"

"வாங்கலை. இப்பவும் வாங்க மாட்டேன். ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்தா எல்லாரும் கேட்பாங்க. நீங்க சொல்லுங்க மாமா, எந்த வீடு?"

ஒயர் மாமா மடியிலிருந்த லேப்டாப்பை மூடினார்.

"என் வீடுதான்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"தொப்பைக்கு மருந்துன்னதும் சபலம் தட்டியிருக்கும்" என்றது பின்வரிசை. மாமாவின் சட்டைப் பொத்தான்கள் படும் பாடு எல்லாரும் அறிந்ததுதான்.

"என்கிட்ட என்னமா அதட்டினார், தெரியுமா?" என்று பேக்கரிக்காரர் பக்கத்து ஆளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

செயலாளரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா? உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"தப்புதான்மா."

"தப்புன்னா முடிஞ்சு போச்சா? உங்களை நம்பித்தானே எங்க கம்ப்யூட்டரை எல்லாம் சோதிக்கக் கொடுத்தோம்! ஒரு வாரம் உங்க லைன் கட். இனிமே சோதிக்கிற வேலையை வேற ஆள் பார்க்கட்டும். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. சங்கத்தில் இன்னும் சேராத புதுக் குடித்தனக்காரர்கூடத் தூக்கினார்.

மாமா லேப்டாப்பைத் திரும்பத் திறந்து என்னென்னவோ தட்டினார். "இனி அந்த மெயில் போகாது" என்றார். பிறகு எல்லா வீட்டு லைனும் பிரிகிற சுவர்ப் பெட்டியைத் திறந்து, தன் வீட்டு ஒயரைத் தானே உருவினார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம்தான் பேரனை வீடியோவில் பார்க்கிற நேரம். மாமாவின் மனைவி அணைந்து கிடந்த திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் செயலாளரம்மா கதவைத் திறந்தால், வாசலில் ஒயர் மாமா நின்றிருந்தார்.

"என்ன மாமா, தண்டனையைக் குறைக்கச் சொல்லி வந்திருக்கீங்களா? அது நடக்காது, சொல்லிட்டேன்."

"அதுக்கில்லம்மா. பாப்பா நேர்காணல் என்ன ஆச்சு?"

அவ்வளவுதான், அந்த முகத்திலிருந்த கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை.

"வேலை கிடைச்சிருச்சு மாமா! பேசி முடிச்ச கையோட சொல்லிட்டாங்க. லைன் ஒரு தடவைகூட அறுந்து போகலை. நேத்து மட்டும் நான் கறாரா இல்லைன்னா இது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க?"

"நடந்திருக்காதும்மா. நல்லா இருக்கட்டும் பாப்பா." மாமா தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கொண்டு வாங்க, யாருக்கும் தெரியாம சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டுப் போயிடறேன். நேத்து மெயிலை மட்டும்தான் மறிச்சு வெச்சேன். அந்த மாத்திரை விளம்பரம் அத்தனையும் இங்கேருந்துதான் போச்சு."