சாத்தாத சன்னல்

"தம்பி, அந்தச் செவுத்துல மாட்டியிருக்கற துப்பாக்கியக் கொஞ்சம் எடுத்துத் தாங்க."

அப்பா கேட்டேவிட்டார். சமையற்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ஞானசுந்தரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

பெண் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அப்பா மாதப்பன் இதைத்தான் கேட்பார். ஜாதகம், காப்பித் தோட்டம் எல்லாம் அவருக்கு அப்புறம். முதலில் துப்பாக்கி. இந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் அதில் தோற்றுத் திரும்பிவிட்டார்கள்.

"இவுரும் தோத்துட்டா என்னம்மா பண்றது?" என்று கிசுகிசுத்தாள்.

"உன்னைய அந்தத் துப்பாக்கிக்கே கட்டி வெச்சிருவாரு உங்கப்பன்," என்றாள் அம்மா கண்ணாயி.

ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டச்சேட்டிலிருந்து வந்திருக்கும் குழந்தைவேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது, பனிக்குள்ளிருந்து முதலில் குரல் மட்டும்தான் வந்தது. குரைத்த நாயிடம், "இரு சாமி, நான் திருடனில்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தது. அப்புறம் ஒரு வெள்ளைச் சட்டை. அப்புறம்தான் முகம். பார்த்ததும் இவன்தான் என்று தோன்றிவிட்டது.

அந்தச் சன்னலை அவள் சாத்துவதே இல்லை. கரடியூர் மலைப் பனி அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். காலண்டரை நனைக்கும், பக்கத்துச் சுவரில் தொங்கும் துப்பாக்கியைத் தடவும், அவள் கழுத்தில் ஜில்லென்று உட்காரும். வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். வீடே மெல்ல மிதந்து எங்கோ போவது போலிருக்கும் அவளுக்கு.

அப்பாவுக்கு அதெல்லாம் ஆகாது. "சன்னலச் சாத்து கண்ணு! துப்பாக்கி துருப்புடிக்குது!" என்று தினமும் கத்துவார்.

"மாப்ள துப்பாக்கிய எடுத்துட்டாரு," என்றாள் அம்மா.

ஞானசுந்தரி கதவோரம் வந்து நின்றாள். முன்பு வந்த மூவரில் முதலாமவன் குழலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். இரண்டாமவன் தோளில் மாட்டிக்கொண்டு, போட்டோ எடுக்க ஆளில்லையா என்று கேட்டான். தை மாதம் வந்த சேலத்துக்காரன், காப்பித் தட்டோடு நின்ற அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டி, "பொண்ணத் தர்றீங்களா, சுடட்டுங்களா?" என்று விசையை இழுத்தே விட்டான். டக்கென்று ஒரு சத்தம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அப்பா சிரிக்கவில்லை. "கெளம்புங்க," என்றார்.

"காலித் துப்பாக்கி தானுங்களே!" என்றார் அவனுடைய மாமன்.

"காலின்னு எனக்குத் தெரியும். உங்க பையனுக்குத் தெரியுமா? குழலுக்குள்ள கம்பி உட்டுப் பாத்தானா?"

குழந்தைவேல் குழலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். "ஏனுங்க, வெளிய வாசல்ல வெச்சுப் பாத்துக்கட்டுங்களா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்லாப் பாருங்க தம்பி!"

வாசல் பனியில் ஆள் அரைகுறையாகத்தான் தெரிந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். நாயை விரட்டினான். விசைக்கு மேலிருந்த சுத்தியலைத் தூக்கி, அதன் அடியிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான். பிறகு குழலுக்கடியில் செருகியிருந்த கம்பியை உருவி, குழல் வாய்க்குள் மெதுவாக இறக்கினான். காலித் துப்பாக்கி என்றால் கம்பி முழுக்க உள்ளே போய்விடும். வெடிமருந்து இடித்துக் கெட்டித்திருந்தால் நாலு விரல் வெளியே நிற்கும். மலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

அவன் வெளியே நின்ற கம்பியின்மேல் ஒரு விரல், இரண்டு விரல் என்று வைத்துக்கொண்டே போனான். நாலு விரல் வைத்தான்.

"மருந்து இருக்குதுங்க," என்றான்.

அப்பா சிரித்தார். "எனக்கே பரிச்சை வெக்கறீங்களா தம்பி? அது காலிங்க. இருங்க, நானே..."

எழுந்து போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"போன ஐப்பசியில கெழங்குக் காட்டுல பன்னி பூந்துச்சு. கெட்டிச்சு வெச்சேன். அன்னிக்கு ராத்திரியே காச்சல்ல படுத்துட்டேன்." வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். "மறந்தே போயிட்டேன். மூணு பேரப் பேசாத பேச்செல்லாம் பேசி அனுப்புனேன். பரிச்சை வெச்சவன் ஒரு நா கூடப் பாக்கலீங்க. தப்பு எம்மேலதானுங்க தம்பி. இனி இது ஊட்டுல இருக்கவே கூடாது. நாளைக்கே ஸ்டேஷன்ல ஒப்படைச்சர்றேன்."



"மொதல்ல காப்பி குடிங்க மாமா," என்றான் குழந்தைவேல்.

மாமா! ஞானசுந்தரிக்கு உள்ளே பூரித்தது. தட்டை எடுக்கத் திரும்பினாள். வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஐப்பசியில கெட்டிச்சது. அப்ப தை மாசம் அந்தப் பையன் எம் பொண்ணுக்கு நேரா நீட்டி இழுத்தானே..."

குழந்தைவேல் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புக் கேப்பு. அதன் நடுவில் சுத்தியல் அடித்து நசுங்கிய தடம்.

"பனியில நமுத்துப் போயிருக்குதுங்க மாமா. இல்லீன்னா அன்னிக்கே வெடிச்சிருக்கும்."

ஞானசுந்தரியின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. உள்ளே, குளிருகிறது என்று அம்மா சன்னல் கதவை இழுத்தாள்.

"சாத்தாத கண்ணாயி!" என்று கத்தினார் மாதப்பன். "அது எப்பவும் தெறந்தே கெடக்கட்டும்!"