கலைமகள் டீச்சரின் வலது கால்

டாக்டர் சின்னச் சுத்தியலால் கலைமகளின் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் தானாகத் துள்ளியது. உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். கூச்சத்தில் விரல்கள் மடங்கின.

"வலது காலை நல்லா பாருங்க டாக்டர்," என்றான் பக்கத்தில் நின்ற அவள் கணவன் நெடுஞ்செழியன். "அதுலதான் பிரச்சினை."

"வலிக்குதாம்மா? மரத்துப் போகுதா?"

"ரெண்டும் இல்லைங்க டாக்டர்." கலைமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "கார் பிரேக்கை மிதிக்க லேட்டாகுதாம்."

டாக்டர் சுத்தியலை மேசையில் வைத்தார். தஞ்சாவூரில் இத்தனை வருஷம் நரம்பு வைத்தியம் பார்ப்பவரிடம் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. "லேட்டாகுதாமா? யார் சொன்னது?"

"சர்வீஸ் சென்டர்ல சொன்னாங்க," என்றான் நெடுஞ்செழியன்.

கலைமகள் பாபநாசம் தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கார் அவள் பேரில் கடன் போட்டு வாங்கியது. சாதாரண பெட்ரோல் கார் போதும் என்றுதான் அவள் சொன்னாள். ஹைபிரிட்தான் வேண்டும், மைலேஜ் கொட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நெடுஞ்செழியன். வந்த புதிதில் குத்தாலத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாக எடுத்துப் போனான். திரும்பி வந்ததும் சாவியை அவள் கையில் வைத்து, "உன் சம்பாத்தியத்துல வந்தது, நீயே ஓட்டு," என்றான். அன்றிலிருந்து கொட்டுகிற மழையிலும் அவனுக்கு பைக்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

குறுவை அறுப்பு தொடங்கியதும் வந்தது வினை. பாதி ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏறி பிரேக்கை மிதித்தால், அடங்கி வந்த வண்டி ஒரு கணம் பிடியை விட்டுவிட்டு முன்னால் பாயும். அப்புறம்தான் மறுபடி பிடிக்கும். அப்படி ஒரு கணத்தில், நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த மருதையன் துள்ளி விலகியதால் பிழைத்தார். "பாத்து வாங்க டீச்சர்," என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே வாசனை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரேக் அப்படியேதான் இருந்தது. சர்வீஸ் நிறைவாக இருந்ததா, பத்துக்குப் பத்து போடுவீர்களா என்று கேட்டு மட்டும் தவறாமல் போன் வரும்.

மானேஜர் நடராசன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். "எரர் எதுவும் காட்டலை மேடம். ஹைபிரிட்ல மோட்டார் பாதி நிறுத்தும், பிரேக் பாதி நிறுத்தும். நீங்கதான் பழகிக்கணும்."

"நெல்லு கிடக்குற ரோட்டுல ஓட்டிப் பாருங்க சார்."

"டெஸ்ட் டிரைவ்லாம் பைபாஸ்லதான் மேடம்."

பைபாஸில் அது பசு மாதிரி நின்றது. கடைசியில், தனக்காக ரெண்டு வார்த்தை பேசுவான் என்று கணவனைக் கூட்டிப் போனாள். மானேஜர் அவளை விட்டுவிட்டு அவனைப் பார்த்து, "மேடம் கால் வைக்கிறதுலதான் சார் லேட்டாகுது," என்றார்.

நெடுஞ்செழியன் தலையை ஆட்டினான். "நானும் கவனிச்சேன் சார். அவ காலு கொஞ்சம் மந்தம்."

 தன் பக்கம் என்று நம்பிக் கூட்டிப் போன ஆளே எதிராளியோடு சேர்ந்துகொண்டானே என்று கலைமகள் பொருமினாள். நாளாக நாளாக அந்த ஆத்திரம் போய், எல்லாரும் சொல்வது நிஜம்தானோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே மேசைக்கடியில் வலது காலால் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தாள். நாற்பது வயது வரை கூடவே நடந்த கால், இப்படிக் கழுத்தறுத்துவிட்டதே என்று அதன் மேல் அவளுக்கு வெறுப்பே வந்தது.

டாக்டர் சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. "கால் நல்லா இருக்கும்மா. பிரேக் பிடிக்கலைன்னா மெக்கானிக்கிட்ட போங்க. என்கிட்ட ஏன் வந்தீங்க?"

வெளியே வந்ததும் கலைமகளுக்குத் தெம்பு வந்துவிட்டது. "வண்டியிலதாங்க கோளாறு. கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸ் போடுவோம். அதுவரைக்கும் நான் பஸ்ல போறேன்."

"கேஸு கீஸுன்னு போனா, பாத்துப் பாத்து வாங்குன லட்சணத்தைப் பாருன்னு ஊரே சிரிக்கும்," என்றான் நெடுஞ்செழியன். பிறகு குரலை இளக்கிக்கொண்டான். "காலு சரியாத்தான் இருக்கு. மனசு பயப்படுது, அதான் தயங்குது. இப்ப விட்டேன்னா ஜென்மத்துக்கும் ஓட்ட மாட்டே. நாளைக்கே வண்டியை எடு கலை. உன்னால முடியும்."

அந்தக் கனிவில் அவள் கரைந்துபோனாள். இந்த மனுஷனையா தப்பாக நினைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் காலை சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினாள். சாப்பாட்டுப் பையை மறந்தது நினைவுக்கு வர, இறங்கி வீட்டுக்குள் போனாள்.

கொல்லைப் பக்கம் நெடுஞ்செழியன் தன் தங்கை குந்தவையோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போக அவள் காரைக் கேட்கிறாள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லக் கலைமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கார் வேண்டாம் குந்தவை, பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறே. அதுல பிரேக் பிடிக்காது."