ஏழாம் பதிவு

ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் பாடகி நிற்கிறாள். இப்பால் டிரம்ஸ் வாசிப்பவன் அமர்ந்திருக்கிறான். விளக்கொளி பித்தளைத் தட்டுகளில் இன்னும் நடுங்குகிறது. அந்த ராக் குழுவின் இறுதிப் பாடல் இது. பதிவு முடிந்ததும் அவள் அவனை விட்டு, வேறொருவனை மணக்க விமானம் ஏறுவாள். இதுவரை பதிந்த ஆறு முறையும் கடைசி அடியை அவன் தவறவிட்டிருக்கிறான். "வேணும்னே சொதப்புறியா?" என்று அவள் குரல் ஹெட்போனில் கேட்கிறது. "குச்சி வழுக்குது," என்கிறான் அவன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று கிதார்க்காரன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "முடிச்சிடுடா. என்னாலயும் தாங்க முடியல." சிவப்பு விளக்கு எரிகிறது. இம்முறையும் தவறவிடவே எண்ணி அவன் வாசிக்கிறான். கடைசி வரிக்கு முன் அவள் மூச்சை இழுக்கிறாள். ஒன்பது ஆண்டுகளாக அம்மூச்சுக்கே பழகிய கைகள், அவனைக் கேளாமலேயே, இறுதி அடியைப் பிசகின்றி அடிக்கின்றன.