நகலில் ஒரு புள்ளி

ஆய்வகத்துப் பெண் திரையில் இருந்த இரண்டு மரபணு வரிசைகளையும் மூன்றாவது முறையாக ஒப்பிட்டாள்.

மேலே சங்கரபாண்டியின் வைரஸ். கீழே அவர் மனைவி உலகம்மாளுடையது. ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துகள்.

ஒரே ஓர் எழுத்துதான் வேறு.

இருவருக்கும் மஞ்சள் காமாலை. அவர் பத்தே நாளில் எழுந்து ஜெராக்ஸ் கடையைத் திறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் படுத்த உலகம்மாள், நான்கு நாளாக மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

அந்த ஓர் எழுத்து அவ்வளவு பொல்லாததா? நோயை மோசமாக்குவது கிருமியா, உடம்பா? இந்த மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளைக் குடையும் கேள்வி அது.

சங்கரபாண்டி கதவருகே நின்றார். தினமும் வருகிறார். கேட்பது ஒன்றுதான்.

"எங்கிட்ட இருந்துதான் போச்சா, மேடம்?"

உலகம்மாளுக்கு வலது கையில் மாவுக்கட்டு. தனக்குக் காய்ச்சல் தொடங்கிய வாரத்திலும் சங்கரபாண்டிதான் மனைவிக்குச் சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறார்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல சார். பாருங்க, இந்த இடம் வேற."

பொய் இல்லை. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத் தாவும்போது இப்படி மாறுவது உண்டு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஜெராக்ஸ்ல இருந்து ஜெராக்ஸ் எடுத்தா புதுசா ஒரு புள்ளி விழும், மேடம். முப்பது வருசமா பாக்கேன்."

அவள் திரையை அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும். கோளாறு புள்ளியிலயா, தாள்லயா? அவ உடம்பு முந்தியே மெலிவு."

தன் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியல சார். நிஜமாவே தெரியல."

அவர் போன் அடித்தது. மாடியிலிருந்து நர்ஸ். குரல் வெளியே கேட்டது.

"உங்க வீட்டம்மா முழிச்சிட்டாங்க. ரெண்டு வாய் கஞ்சி கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க ஊட்டினாத்தான் குடிப்பாங்களாம்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவு வரை ஓடினார்.

திரும்பி வந்தார்.

ஆய்வகத்துக் குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்தார். அலசினார். மறுபடியும் சோப்பை எடுத்தார்.

நான்காவது முறை அவள் எழுந்து போய்க் குழாயை மூடினாள்.

"போதும் சார். கஞ்சி ஆறிடும்."