இரண்டாவது கோடு

"உங்க வீட்டுல யாருக்காவது இழுப்பு உண்டா சார்?" என்று மூச்சுச் சோதனை செய்யும் பெண் கேட்டாள்.

"எங்க பரம்பரையிலயே கிடையாதும்மா." அப்பா முதுகு வளையாமல் சொன்னார். சம்பந்தம் தட்டிப்போகும் என்று மூத்த மகளின் இழுப்பை மூடிமறைத்து, மருந்தில்லாமலே அவளைப் பறிகொடுத்தவர் அவர்.

இளையவள், மூச்சுக்குழாயைச் சீண்டிப் பார்க்கும் மருந்தை உள்ளிழுத்துவிட்டுக் கருவியின் குழாயில் ஊதினாள். திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. மருந்தைக் கூட்டக் கூட்ட, ஒன்று அசையவில்லை, மற்றது சரிந்தது.

"ஊதுறது ஒரு ஆளு, கோடு ரெண்டா? மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்று சிரித்தாள் அந்தப் பெண். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல சார்."

இளையவள் குழாயைக் கீழே வைத்தாள். அந்தக் கோடு இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, நான் ஊதலையே."

அப்பா மேசையிலிருந்த இழுப்பு தணிக்கும் பம்பை எடுத்தார். "மூத்தவளுக்கு இருந்துச்சும்மா," என்று சொல்லி, அதைக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினார்.

கோடு மெல்ல ஏறியது.