சரிபார்க்க இயலவில்லை

கன்டெய்னர் அந்தரத்தில் நின்றுவிட்டது.

நாற்பதடி நீள இரும்புப் பெட்டி. கப்பலிலிருந்து தூக்கிக் கரையில் நிற்கும் லாரியின் மேல் வைக்க வேண்டியது. லாரிக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் அப்படியே தொங்கியது.

தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இப்பால், தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜெயபாய் டீச்சர் அண்ணாந்து பார்த்தார். பத்து மாடி உயரத்தில் கிரேனின் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

டீச்சரின் மகனும் நம்பவில்லை.

அந்தப் பெண் சண்முகப்ரியா. விளாத்திகுளத்துப் பிள்ளை, வயது இருபத்துநாலு. டீச்சர் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்திருந்தாள். தங்கியிருந்த விடுதியை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். தனியாக இருக்கும் பெண் என்று ஏற்கெனவே நான்கு வீட்டில் கையை விரித்துவிட்டார்கள்.

விசாரிக்காமல் யாருக்கும் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று பெங்களூரில் இருந்த மகன் ஜாபேஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வாடகைக்கு வருகிறவர்களைத் துருவிப் பார்த்துச் சொல்லும் ஒரு கம்பெனிக்கு அவளுடைய விவரங்களை அவனே அனுப்பினான். இரண்டு நாளில் அறிக்கை வந்தது.

போலீஸ் வழக்கு இல்லை. சிபில் ஸ்கோரும் இல்லை. பிள்ளை இதுவரை கடனே வாங்கியதில்லை. ஆறு வருடத்தில் ஐந்து முகவரி. வேலை, கிரேன் ஆபரேட்டர். அதற்கு நேரே சிவப்பு எழுத்தில் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று இருந்தது.

“இருபத்துநாலு வயசுல கிரேன் ஓட்டுதாளாம். நம்புத மாதிரியாம்மா இருக்கு? வேண்டாம்னு சொல்லிருங்க” என்றான் ஜாபேஸ்.

டீச்சர் வேண்டாமென்று சொல்லவில்லை. சரியென்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சிவப்பு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சண்முகப்ரியாவைப் போனில் கூப்பிட்டு, அவள் வேலை செய்வதை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அவள் தயங்கவே இல்லை. மேலதிகாரியிடம் சொல்லி பாஸ் வாங்கிக் கொடுத்தாள். டீச்சரை ஷிப்ட் சூப்பர்வைசர் மாசானத்திடம் ஒப்படைத்துவிட்டு, இரும்புப் படிகளில் விறுவிறுவென்று ஏறிப் போனாள். போகப் போகச் சிறுத்து, ஒரு புள்ளியாகி, கூண்டுக்குள் மறைந்தாள்.

அரைமணி நேரமாக டீச்சர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கப்பலின் வயிற்றிலிருந்து பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று சேலையைப் பிய்த்தது. அந்தக் காற்றிலும் ஒரு பெட்டிகூடத் தடம் மாறவில்லை.

இப்போது ஒன்று பாதியில் நிற்கிறது.

லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். மாசானம் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

“எறக்கும்மா. பின்னால நாலு லாரி நிக்கி.”

கரகரப்புக்கு நடுவே அவள் குரல் வந்தது. “கீழ ஒரு அண்ணன் இருக்காங்க. அவங்க போவட்டும்.”

மாசானம் பார்த்தார். யாரும் இல்லை. டீச்சரும் பார்த்தார். லாரிதான் தெரிந்தது.

மாசானம் லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அந்தப் பக்கம், பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு தொழிலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பெட்டியின் மூலையில் மாட்டும் பூட்டு ஒன்று உருண்டு உள்ளே போயிருந்தது. தரையில் நின்ற எவர் கண்ணிலும் படாத அந்த மனிதரை, பத்து மாடிக்கு மேலிருந்து, தன் இரண்டு பாதங்களுக்கு இடையே உள்ள கண்ணாடித் தரை வழியாக அவள் பார்த்திருக்கிறாள்.

காற்று பெட்டியைத் தள்ளியது. பெட்டி ஆடப் பார்த்தது. அவள் ஆடவிடவில்லை.

அந்த மனிதர் பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாசானம் கத்திய பிறகுதான் மேலே பார்த்தார். ஓட்டமும் நடையுமாக மஞ்சள் கோட்டைத் தாண்டினார்.

அதன் பிறகே பெட்டி இறங்கியது. இருபத்தைந்து டன். சத்தமே இல்லை. லாரி மட்டும் லேசாக அமுங்கிக் கொடுத்தது.

டீச்சர் மறுபடி அண்ணாந்து கூண்டைப் பார்த்தார். போன வாரம் தன் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காப்பியைக் குடி என்று இரண்டு தடவை சொன்ன பிறகே கையில் எடுத்த பிள்ளையா இவள்!

“அவ எப்பவும் இப்படித்தான் டீச்சர்” என்றார் மூச்சு வாங்கத் திரும்பி வந்த மாசானம். “கப்பலே கெளம்பிப் போனாலும் சரி, கீழ ஆளு இருந்தா எறக்க மாட்டா.”

டீச்சர் தலையாட்டினார்.

துறைமுக வாசலில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தார்.

“சாவிய இன்னைக்கே அந்தப் பிள்ளைகிட்ட குடுக்கப் போறேன்.”

“ரிப்போர்ட்ல செவப்புல போட்டிருக்கானேம்மா. நீங்க அப்படி என்னத்தப் பாத்தீங்க?”

டீச்சர் வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

“ஜாபேஸு, ஒங்கப்பா ரோட்டுல அடிபட்டு எறந்து போவலலே. ஒனக்கு அப்ப ரெண்டு வயசு, அதான் அப்படிச் சொல்லி வளத்தேன். ஒரு கன்டெய்னர் யார்டுல, தொங்குன பெட்டிக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தாவ. மேல கிரேன்ல இருந்தவரு பாக்கல.”